‘ம்’ இல்லாத அலறல்

1

போன ஆடி மாதத்தில் நான் பதினேழு தடவை செத்தேன். தம்பியின் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியையும் அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்கச் செத்தேன். பள்ளத்தில் விழுந்து சில தரம், அம்பு பாய்ந்து சில தரம், தீப்பிடித்து மூன்று தரம். ஒரு சாவும் உருப்படியாக வரவில்லை. எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். பிறந்து வளர்ந்தது ஒரகடம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அங்கேயே காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றேன். இப்போது பன்னிரண்டு வருஷமாக மான்ட்ரியலில் இருக்கிறேன். ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது, கழுவி வைப்பது, அழுகிறவர் கையைப் பிடித்துக்கொள்வது, இதுதான் வேலை. மகள் ரூத்துக்குப் பதினொரு வயது. தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். கோபம் வந்தால் பிரெஞ்சு. என்ன திட்டினாள் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அறைக்கதவு சாத்தியிருக்கும்.

ஒரு நாள் கிளினிக்கில் ஸ்டீல் தட்டு நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. “யம்மா” என்று கத்திவிட்டேன். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த ஆள், வாய் நிறையப் பஞ்சோடு, என்னைப் பார்த்து ‘சூப்பர்’ என்று விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பல் வேலை முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் வீடியோ கேம் செய்யும் இடத்தில் சத்தம் கோக்கிறவராம். புதிதாக ஒரு கேம் வருகிறதாம். அதில் வரும் ஒரு பெண்ணுக்கு அடிபடுகிற குரல் தேடுகிறார்களாம். டெமோ ரீல் அனுப்புங்கள் என்று ஒரு முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டெமோ ரீல் என்பது ஒன்றரை நிமிஷ ஒலிப்பதிவு. நம் குரல் என்னென்ன செய்யும் என்று வரிசையாகக் கோத்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஆளை எடுப்பார்கள்.

எனக்கு எதற்கு இந்த ஆசை என்றால், இந்த ஊரில் பன்னிரண்டு வருஷமாக என் குரலைக் கேட்ட எல்லாரும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: மறுபடி சொல்லுங்கள். பாங்கில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் மறுபடி சொல்லுங்கள். சுகாதார அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது நான் என் பிறந்த தேதியை மூன்று தரம் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் மூன்று தரமும் புருவத்தைச் சுருக்கினாள். ரூத் என் கையிலிருந்து படிவத்தை வாங்கி, “நீ பேசாத மாம், நான் பேசறேன்” என்றாள். பாவம், உதவிதான் செய்தாள். ஆனாலும் அன்றைக்கு வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட குரலை ஒருத்தர் கேட்டு நன்றாக இருக்கிறது என்றால் விடுவேனா?

2

போனிலேயே பதிவு செய்து அனுப்பினேன். பத்து நாள் கழித்துக் குரல் இயக்குநர் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. குரல் பிடித்திருக்கிறது, அசல் வலி கேட்கிறது, ஆனால் எல்லாப் பதிவிலும் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறதே, அது என்ன என்று கேட்டிருந்தார்.

போட்டுக் கேட்டேன். அட ஆமாம். சின்ன அடிக்கு “ம்மா”. நடு அடிக்கு “யம்மா”. பெரிய அடிக்கு “அம்மாஆ”. செத்துப்போகும்போது “அம்…” என்று பாதியில் நிற்கிறது. நான் சத்தம் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டதெல்லாம் வார்த்தை.

வார்த்தை கூடவே கூடாதாம். அந்தப் பெண் பேசுகிற வசனத்தை ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொருத்தி பேசுவாள். அடிபடுவது, குதிப்பது, மூச்சு வாங்குவது, சாவது மட்டும் எல்லா மொழிக்கும் ஒரே பதிவு. அதனால் அது எந்த மொழியிலும் இருக்கக் கூடாது. இரண்டு வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமைக்குள், வார்த்தை இல்லாமல் மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தார். கீழே பட்டியல்: அடி, சின்னது; அடி, பெரிசு; தீ; நீரில் மூழ்குதல்; உயரத்திலிருந்து விழுதல், நீளமாக.

எந்த மொழியிலும் இல்லாத வலி எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் வருகிறவர்களை எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் “ஆய்” என்கிறார்கள். ரூத் “அவ்ச்” என்கிறாள். ஊசி போடும்போது ஒரு வியட்நாம் கிழவர் கத்தியது எனக்கு “ஓய்” என்று கேட்டது. டாக்டருக்குப் புரியவில்லை, எஸ்தருக்கு இன்று என்ன வந்தது, ஊசி போடும்போதெல்லாம் முகத்தைக் கிட்டக் கொண்டுவருகிறாள் என்று பார்த்தார்.

அப்போதுதான் ரூத் பிறந்த நாள் நினைவுக்கு வந்தது. பிரசவ வலியில் நான் விடாமல் அம்மா அம்மா என்று கத்தியிருக்கிறேன். நர்ஸ் நல்லவள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கும் புரிந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட வேண்டுமா, எங்கே இருக்கிறார், நம்பர் என்ன என்று ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வலிக்கு நடுவில், “ஒரகடத்துல, செகண்ட் ஷிஃப்ட்ல” என்றேனாம். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நர்ஸ் அதையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு போனாள்.

3

அந்த வெள்ளிக்கிழமை, நாங்கள் ஊருக்குப் போகும் லீவுக்குள் வந்து விழுந்தது. நாலு வருஷம் கழித்து ரூத்தும் நானும் ஒரகடம் போனோம். வீட்டில் அம்மாவும் தம்பி தாவீதும்தான். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் இன்னமும் வேலை செய்கிறாள். ஐம்பத்தெட்டு வயதிலும் தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறாள். தாவீது லாரி பிளான்ட்டில் இருக்கிறான். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் டிவியில் கேம் ஆடுகிறான்.

ஊருக்குப் போனால் பதிவு செய்ய அமைதியாக ஓர் இடம் கிடைக்கும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? ஆடி மாதம். தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற வாரம். நாலு குழாய் ஸ்பீக்கர். விடிந்ததிலிருந்து அம்மா தாயே அம்மா தாயே என்று பாட்டு. ஊரே அம்மா அம்மா என்று அலறுகிறது, நான் ஒருத்தி மட்டும் அதைச் சொல்லக் கூடாது. வீட்டுக்குள் எந்த மூலையில் நின்று கத்திப் பார்த்தாலும் பதிவில் பாட்டும் சேர்ந்து விழுந்தது.

கம்பெனியில் நான் லைனில் நின்ற காலத்தைப் பற்றி அந்தப் பாட்டுச் சத்தத்திலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். வயரை கனெக்டரில் அழுத்தும்போது நகக்கண்ணில் கிளிப் கடிக்கும். நாங்கள் “யம்மா” என்போம். திண்டுக்கல் பக்கத்துப் பெண் “ஏ ஆத்தா” என்பாள். ஒடிசாப் பெண் “மா லோ” என்பாள். யார் கத்தினாலும் லைன் முழுக்கத் தலை நிமிரும், நாலு பேர் ஓடுவார்கள். சூப்பர்வைசருக்கு அது பிடிக்காது. சின்னதுக்கெல்லாம் இப்படிக் கத்தாதீர்கள், நிஜமாக ஆபத்து என்றால் மட்டும் “ஹெல்ப்” என்று கத்துங்கள் என்று வகுப்பெடுத்தார். பயிற்சியும் வைத்தார். ஒருத்தி கீழே படுத்துக்கொண்டு ஹெல்ப் ஹெல்ப் என்று கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவளே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு டீக்குப் போய்விட்டாள்.

4

“காருக்குள்ள உக்காந்து பண்ணுக்கா, சவுண்டே வராது” என்றான் தாவீது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார். அதில் என்னை ஏற்றி, படப்பை தாண்டி மணிமங்கலம் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் நிழலில் நிறுத்தினான். சீட்டைச் சுற்றிப் போர்வை போட்டு, மைக்கை ஸ்டீயரிங்கில் கட்டிக் கொடுத்துவிட்டு, அவன் ஏரிப் பக்கம் போய் போனில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் ஆரம்பித்தேன். ஆ. ஆஆ. ஹா. தீப்பிடித்தேன், தண்ணீரில் முங்கினேன். கரைமேல் சைக்கிளில் போனவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார், மிதித்துக்கொண்டே போய்விட்டார். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெண்ணும் அப்படியே. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நடந்து வந்த இரண்டு பையன்கள், உள்ளே ஏதோ ரீல்ஸ் எடுக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டு கடந்தார்கள். பாருங்கள், ஒரு பொம்பளை காருக்குள் முக்கால் மணி நேரம் சாகிறாள், ஏன் என்று கேட்க நாதி இல்லை.

உயரத்திலிருந்து நீளமாக விழும்போதுதான் வாய் தவறியது. பழக்கதோஷம். முழுசாக, அடிவயிற்றிலிருந்து, “யம்மாஆஆ” என்று வந்துவிட்டது. அவ்வளவுதான். போன வழியே திரும்பி வந்துகொண்டிருந்த சைக்கிள்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். மாட்டுக்காரப் பெண் கையில் குச்சியோடு வருகிறாள். அந்த இரண்டு பையன்களும் காரின் இரண்டு பக்கக் கதவையும் பிடித்து இழுக்கிறார்கள். நான் கண்ணாடியை இறக்கி, ஒன்றுமில்லை, கேமுக்காகக் கத்துகிறேன் என்றேன். அதைக் கேட்டு யாருக்காவது புரியுமா? அந்தப் பெண் என் கையை, கழுத்தை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, தூரத்தில் நின்ற தாவீதைக் காட்டி, “அவன் அடிச்சானாம்மா?” என்றாள். தாவீது மூச்சிரைக்க ஓடி வந்து, அய்யோ இது என் கூடப் பொறந்த அக்கா என்று ஆதார் அட்டையைத் தவிர எல்லாவற்றையும் காட்டினான். மானம் போயிற்று. ஆனால் காரில் திரும்பி வரும்போது எனக்கு வேறு யோசனை. ஆ என்று கத்தியபோது வராத ஜனம், அந்த ஒரு எழுத்துக்கு எப்படி வந்தது?

5

‘ம்’ சொல்ல வேண்டுமானால் உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். கிளினிக்கில் வாய் மூடாமலிருக்க நோயாளியின் பல்லுக்கு நடுவில் ஒரு ரப்பர் கட்டையை வைப்போம். அப்படி இருக்கிறவரால் என்ன செய்தாலும் ‘ம்’ சொல்ல முடியாது. இது எனக்கு ஏன் முன்னாடியே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். ரப்பர் கட்டைக்கு இங்கே எங்கே போவது? அன்றைய சாம்பாருக்கு அம்மா முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக்கொண்டு மறுபடி காருக்குப் போனேன். நெடி தலைக்கு ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் ‘ம்’ ஒழிந்தது. எல்லாவற்றையும் சுத்தமாக முடித்து அன்றைக்கே அனுப்பினேன்.

மறுநாள் பதில். வார்த்தை போய்விட்டது, நன்றி. ஆனால் வலியும் போய்விட்டது. உடற்பயிற்சி செய்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளி வரை நேரம் இருக்கிறது, முடிந்தால் இன்னொரு தரம் முயன்று பாருங்கள்.

வயிறு எரிந்தது. வார்த்தையோடு கொடுத்தால் வார்த்தை வேண்டாம் என்கிறார்கள், எடுத்துவிட்டுக் கொடுத்தால் வலி எங்கே என்கிறார்கள். புதன்கிழமை கூடத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய பதிவுகளில் எதையாவது ஒட்டிச் சரிபண்ண முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் அலறல் கேட்டது. சின்னதுதான். ஆனால் அப்படியே ஈரக்குலையைப் பிடித்தது. வார்த்தையும் இல்லை. அடடே, இது நன்றாக வந்திருக்கிறதே, எந்தப் பதிவு இது என்று பின்னால் தள்ளித் தள்ளித் தேடினேன். கிடைக்கவில்லை.

அதற்குள் அம்மா தோசைக்கரண்டியோடு அடுப்படியிலிருந்து என்னைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள். அப்போதுதான் நிமிர்ந்தேன். ரூத்தின் விரல் இரும்பு கேட்டில் மாட்டியிருந்தது.

விரல் உடையவில்லை. நகம் மட்டும் கறுத்துவிட்டது. அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு ஐஸை வைத்து அழுத்தினாள். பதினொரு வயதுப் பெண், மடி கொள்ளாமல் கால் இரண்டும் தரையில் கிடந்தன. ரூத் என்னைப் பார்க்கவே இல்லை. ஆயாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் கத்தியிருக்கிறாள், நான் அதற்கு மார்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செத்துவிடலாம் போலிருந்தது. இந்தத் தடவை நிஜமாக.

“புள்ள கத்துது, நீ இன்னாத்த கேட்டுகினு கீற?” என்றாள் அம்மா.

நாலு நாளாக நானும்தானே இந்த வீட்டில் கத்திக்கொண்டிருக்கிறேன், ஒரு தரமாவது நீ எட்டிப் பார்த்தாயா, இது மட்டும் நிஜம் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் வார்த்தை எதுவும் சொல்லவில்லையே, வெறும் ஆ தானே என்றேன்.

அம்மாவுக்கு எரிச்சல். ஐஸ் உருகிப் புடவையெல்லாம் ஈரம். “நீ சும்மா கத்துன. அவ கூப்ட்டா. போ, போய் துணி எடுத்தா” என்றாள்.

6

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கோயிலில் மைக் செட்டை நிறுத்தினார்கள். ஒரு மணிக்குக் கூழ் ஊற்றும்போது மறுபடி போடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான். தாவீது ஃபேனை, ஃபிரிட்ஜை எல்லாம் நிறுத்தினான். எதிர்வீட்டில் போய்த் தண்ணி மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, ஏன் என்று சொல்லத் தெரியாமல் நின்று, எப்படியோ நிறுத்த வைத்தான். பின் அறையில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு மைக்கை வைத்தேன். முள்ளங்கி வேண்டாம். அம்மாவுக்கு செகண்ட் ஷிஃப்ட். பஸ் ஒன்றரைக்கு. அடுப்படியில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

“நான் கத்துவேன், நீ பதில் சொல்லாத” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். விழுகிறேன். அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறவளைக் கூப்பிட வேண்டும், உதடு மட்டும் ஒட்டக் கூடாது. கூப்பிட்டேன்.

“இன்னாடி?” என்றது அடுப்படி.

பதிவு வீண். பேசாதேம்மா என்றேன். சரி சரி என்றாள். மறுபடி விழுந்தேன். “ஒன்னியும் இல்லியே?” என்று குரல். இரண்டாவதும் வீண். மூன்றாவது தரம் விழுந்தேன். அடுப்படியிலிருந்து சத்தமே இல்லை. விழுந்து, அடிபட்டு, மூழ்கி, எரிந்து, பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தேன். ஒவ்வொன்றிலும் சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டேன். ஒரு பதிலும் வரவில்லை.

வெளியே வந்து பார்த்தால், அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருக்கிறாள். கண் இரண்டும் கலங்கியிருந்தன. “போதும்டி, முடியல” என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் நான் எத்தனையோ தரம் கத்தியிருக்கிறேன். அவள் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றரைக்கு பஸ் ஹாரன் அடித்தது. வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

7

என்னை எடுத்துக்கொண்டார்கள். மான்ட்ரியல் திரும்பியதும் பதினொரு பக்க ஒப்பந்தம் வந்தது. கேம் வெளியாகும்வரை எவரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பாதிப் பக்கங்கள். ஒரு கட்டத்தில் ‘பாத்திரத்தின் பெயர்’, அடுத்ததில் ‘பணி: வலி, முயற்சி’, அதற்கடுத்து ‘மொழி’. அதில் அவர்களே தட்டச்சு செய்திருந்தார்கள்: இல்லை. ரூத் அதைப் படித்து, இந்த ஊரில் இனி உன்னை யாரும் மறுபடி சொல்லு என்று கேட்க முடியாது மாம் என்றாள். தமிழில்தான் சொன்னாள், கொஞ்சம் உடைந்த தமிழ். நான் திருத்தவில்லை.

கேம் வெளிவந்து ஒரு மாதம் ஆகிறது. பனி நாட்டில் வேட்டையாடும் ஒருத்தியின் கதை. பேச்செல்லாம் வேறு ஒருத்தியுடையது. விழுவதும் சாவதும் நான். வெளிவந்த பிறகு சொல்லலாம் என்பதால் தாவீதிடம் மட்டும் பெயரைச் சொன்னேன். அவன் வாங்கிவிட்டான். அம்மாவிடம் சொல்லாதேடா, என்ன நடக்கிறது என்று பார்க்கலாம் என்றேன். எனக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் போலிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்குச் சாயங்காலம், எங்களுக்குக் காலை. தாவீது போனை ஸ்டூலில் சாய்த்து வைத்து வீடியோவில் என்னைக் கூப்பிட்டான். ரூத் பல் துலக்கிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். டிவியில் வேட்டைக்காரி பனிப்பாறை மேல் ஏறினாள், ஏதோ ஆங்கிலத்தில் பேசினாள். அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் போன் வழியாகக் கேட்டது. தாவீது என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, வேட்டைக்காரியைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டான்.

விழுந்தாள். நீளமாக.

தேங்காய்ச் சத்தம் நின்றது.

“இன்னாடி?”

தாவீது சிரிக்கவில்லை. ரூத்தின் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து, டிவியைப் பார்க்காமல், வாசலைப் பார்த்தாள், பின் அறையைப் பார்த்தாள், கடைசியில் ஸ்டூலில் இருந்த போனில் என் முகத்தைப் பார்த்தாள்.

“எஸ்தரு, நீ கூப்ட்டியா?”

“ஆமாம்மா” என்றேன். “சும்மாதான்.”